மார்பை இழந்த உழைப்பாளிப் பெண்: புனரமைப்பு ஆடம்பரமா, உரிமையா?

“உயிர் பிழைத்ததே பெரிது, மார்பு போனால் என்ன?”

புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணிடம் உற்றார் உறவினர் சொல்லும் ஆறுதல் இது. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் அதே வார்த்தையை ஆஸ்பத்திரி சொன்னால், காப்பீட்டு அதிகாரி சொன்னால், சர்க்கார் சொன்னால் அது ஆறுதல் அல்ல; கதவடைப்பு.

மில்லில் விரல் அறுபட்டால் நஷ்ட ஈடு கேட்கிறோம். கால் போனவனுக்குச் செயற்கைக் கால் கேட்கிறோம். “உயிர்தான் இருக்கிறதே, கால் எதற்கு?” என்று யாரும் கேட்பதில்லை. மார்பு என்று வந்தவுடன் மட்டும் “அது அழகு விஷயம், பணக்காரப் பெண்களின் ஆசை” என்று ஒதுக்கிவிடுகிறோம். வாய்க்காலில் நாலு பேரோடு குளிக்கக் கூசி, இருட்டும் வரை காத்திருக்கும் பெண்ணைக் கேளுங்கள். ரவிக்கையின் ஒரு பக்கத்தில் பழந்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஷிப்டுக்கு வரும் பெண்ணைக் கேளுங்கள். அழகு விஷயமா, மனுஷியாக நடமாடும் விஷயமா என்று அவர்கள் சொல்லுவார்கள்.

எடுத்த மார்பை மறுபடி அமைக்கும் சிகிச்சைக்கு மார்புப் புனரமைப்பு என்று பெயர். அது புற்றுநோய் சிகிச்சையின் ஒரு பகுதி. வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவள் அந்தப் பெண். கடன் வாங்காமல், கூலி இழக்காமல் அவள் தீர்மானிக்கும் நிலைமை வேண்டும். இதுதான் நம் வாதம். வாதம் செய்வதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

முதல் கேள்வி: முழுதும் எடுக்கத்தான் வேண்டுமா?

அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற ரண சிகிச்சை நிபுணர் 1894-ல் ஒரு முறையை வெளியிட்டார். மார்பை மட்டுமல்ல, அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசையையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கட்டிகளையும் சேர்த்து வெட்டி எடுப்பது அவர் முறை. பல தலைமுறைப் பெண்கள் இந்த ஆபரேஷனுக்கு ஆளானார்கள். நெஞ்செலும்பு தோலோடு ஒட்டிக் கிடக்கும், கை வீங்கும், தோள் முழுசாக உயராது.

இவ்வளவு வெட்டினால்தான் உயிர் தப்புமா? பிட்ஸ்பர்க் நகர டாக்டர் பெர்னார்ட் ஃபிஷர் இந்தக் கேள்வியைக் கேட்டார். 1971-ல் தொடங்கிய ஆராய்ச்சி, தசையை வெட்டாமல் மார்பை மட்டும் எடுத்தாலும் அதே அளவு பெண்கள் பிழைக்கிறார்கள் என்று காட்டியது. 1976-ல் தொடங்கிய அடுத்த ஆராய்ச்சியில், நோய் முற்றாதவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்து, மிச்ச மார்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று நிரூபணமாயிற்று. இத்தாலியில் மிலான் நகர டாக்டர் வெரோனெசியும் இதே முடிவுக்கு வந்தார். இருவருடைய 20 ஆண்டுக் கணக்குகளும் 2002-ல் வெளிவந்தன, தீர்ப்பு மாறவில்லை.

ஆகவே நம் பெண்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா?” சில சமயம் போதாது. கட்டி பெரிதாயிருக்கலாம், பல இடத்தில் இருக்கலாம். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. கட்டியை மட்டும் எடுத்தால் பல வாரங்கள் தினந்தோறும் கதிர்வீச்சுக்குப் போக வேண்டும். கதிர்வீச்சு யந்திரம் இருப்பது நகரத்தில். நடவுக்காரி இருப்பது கிராமத்தில். பஸ் கட்டணமும் இல்லை, தங்க இடமும் இல்லை என்பதற்காக முழு மார்பையும் கொடுத்துவிட்டு வருகிற பெண்கள் உண்டு. இது நோய் எடுத்த மார்பு அல்ல; தூரமும் வறுமையும் எடுத்த மார்பு.

புனரமைப்பு எத்தனை வகை?

முழுதும் எடுக்க வேண்டியே வந்தால், அப்புறம் மூன்று வழிகள் உண்டு. எந்த வழியிலும் பழைய மார்பு திரும்பி வராது. உருவம் வரும், உணர்ச்சி முழுசாக வராது. நரம்பு அறுபட்ட தோல் மரத்துப்போகும். அடுப்பங்கரையில் வேலை செய்யும் பெண்ணுக்கு இது முக்கியம். சூடு பட்டால் தெரியாமலே வெந்துபோகும்.

முதல் வழி, சிலிகோன் பை. தோலுக்கு அடியிலோ நெஞ்சுத் தசைக்கு அடியிலோ பையை வைப்பார்கள். பெரும்பாலும் முதலில் ஒரு காலிப் பையை வைத்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உப்பு நீர் ஏற்றித் தோலை விரித்து, சில மாதம் கழித்து இரண்டாவது ஆபரேஷனில் நிலையான பையை வைப்பார்கள். 1962-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் ஒரு பெண்ணுக்கு முதல் சிலிகோன் பை வைக்கப்பட்டது. இந்த ஆபரேஷன் சிறியது. உடம்பின் வேறு இடத்தில் வெட்டு இல்லை. ஆனால் நீர் ஏற்றப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். பை ஆயுள் முழுதும் நிற்காது. கிழியலாம், மாற்ற வேண்டி வரலாம். சுற்றிலும் தழும்பு இறுகிக் கல்லாகி வலிக்கலாம். கதிர்வீச்சு வாங்கிய மார்பில் இந்தத் தொல்லை அதிகம். தசைக்கு அடியில் வைத்த பை, பாரம் தள்ளும்போது இழுத்துப் பிடிக்கும்.

இரண்டாவது வழி, சொந்தச் சதை. முதுகிலிருந்தும் எடுக்கலாம், அடிவயிற்றிலிருந்தும் எடுக்கலாம். முதுகுத் தசையைத் திருப்பி முன்னால் கொண்டுவரும் முறையை இத்தாலிய டாக்டர் டான்சினி 1906-லேயே எழுதினார். ஹால்ஸ்டெட் முறை கொடிகட்டிப் பறந்த காலத்தில் அதை உலகம் மறந்துவிட்டது. 1970-களில்தான் மறுபடி கையில் எடுத்தார்கள். 1982-ல் அமெரிக்க டாக்டர் ஹார்ட்ராம்ப்ஃப் அடிவயிற்றுச் சதையைத் தசையோடு மேலே கொண்டுவரும் முறையை வெளியிட்டார். பிறகு, 1989-ல் ஜப்பானிய டாக்டர் கோஷிமா காட்டிய வழியில், வயிற்றுத் தசையை விட்டுவிட்டுத் தோல், கொழுப்பு, ரத்தக் குழாய் ஆகியவற்றை மட்டும் எடுத்து, நுண்பெருக்கியின் கீழ் நெஞ்சிலுள்ள ரத்தக் குழாயோடு தைக்கும் முறை வளர்ந்தது.

சொந்தச் சதை மிருதுவாக இருக்கும், கிழியாது, வயதோடு கூடவே மாறும். கதிர்வீச்சு வாங்கிய இடத்துக்கு இதுவே பெரும்பாலும் நல்லது. ஆனால் ஆபரேஷன் நீண்டது. பல மணி நேரம் ஆகும். மாற்றிய சதைக்கு ரத்தம் ஓடாவிட்டால் அது செத்துப்போகும். ஆகவே முதல் சில நாட்கள் மணிக்கு மணி பார்த்துக்கொள்ள வேண்டும். புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்கும். பீடியானாலும் வெற்றிலையோடு போடும் புகையிலையானாலும் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது வழி, ஒன்றும் செய்யாமல் தட்டையாகவே விட்டுவிடுவது. வேண்டுமானால் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பு உண்டு. சிலிகோனில் செய்தது உண்டு. பருத்தி நூலில் பின்னிப் பஞ்சு அடைத்ததும் உண்டு. பருத்தி மார்பு லேசானது, துவைக்கலாம், வேர்வையில் உறுத்தாது. தட்டையாக இருப்பது தோல்வியும் அல்ல, வெட்கமும் அல்ல. ஆனால் தெரிந்து தேர்ந்தெடுப்பது வேறு. வேறு வழி உண்டென்று யாரும் சொல்லாததால் தட்டையாக இருப்பது வேறு.

மற்றொன்றும் தெரிய வேண்டும். மார்பை எடுக்கும்போதே புனரமைக்கலாம். மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். என்றோ எடுத்துவிட்டோமே என்று கைவிட வேண்டியதில்லை. புனரமைப்பினால் புற்றுநோய் திரும்பி வரும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை.

எந்த உடம்புக்கு எந்த முறை?

இங்கேதான் வர்க்கப் பிரச்னை வருகிறது. ஆபரேஷன் நன்றாய் முடிந்ததா என்று டாக்டர்கள் எப்படி அளக்கிறார்கள்? உருவம் சரியா, இரண்டு பக்கமும் சமமா, பெண்ணுக்குத் திருப்தியா என்று பார்க்கிறார்கள். அது சரிதான், பார்க்க வேண்டியதுதான். ஆனால் நம் பெண்கள் கேட்கும் கேள்வி வேறு: “மறுபடி எப்போது நாற்று நடலாம்? பஞ்சு மூட்டையைத் தூக்கலாமா?”

வயிற்றுத் தசையோடு எடுத்தால் அடிவயிறு பலம் குறையும். புடைக்கலாம், குடலிறக்கம் வரலாம். நாளெல்லாம் இடுப்பை வளைத்து நிற்கும் நடவுக்காரிக்கு இது சின்ன விஷயமா? தசையை விட்டுவிடும் நுண்முறையில் இந்த அபாயம் குறைவு. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற டாக்டரும் நுண்பெருக்கியும் வேண்டும். முதுகுத் தசை, கையைக் கீழே இழுக்கவும் பின்னால் இழுக்கவும் உதவும் தசை. வீட்டு வேலைக்கு அது இல்லாதது பெரிதாகத் தெரியாது என்று புத்தகம் சொல்லலாம். கிணற்றில் நீர் இறைப்பவளுக்கும், மண்வெட்டி பிடிப்பவளுக்கும், உயரத்தில் கை வைத்து வேலை செய்யும் பஞ்சாலைப் பெண்ணுக்கும் அது தெரியும். கஞ்சி குடித்து ஒட்டிய வயிற்றிலோ, மார்பு அமைக்கப் போதிய சதையே இருப்பதில்லை!

ஒரு முறை நல்லது, ஒரு முறை கெட்டது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நான் டாக்டர் அல்ல. சங்க வேலை செய்கிறவன். ஆனால் “நீ என்ன வேலை செய்கிறாய்? எந்தக் கையால் செய்கிறாய்?” என்று முதலில் கேட்காத டாக்டர், உழைப்பாளிப் பெண்ணுக்குச் சரியான யோசனை சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம்.

கஷ்டத்தை மறைத்துப் பேசுவதும் கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 ஆஸ்பத்திரிகளில் புனரமைப்புச் செய்துகொண்ட 2,343 பெண்களை இரண்டு ஆண்டு கவனித்து, 2018-ல் கணக்கு வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. ஐந்தில் ஒருவருக்கு, அந்தச் சிக்கலுக்காகவே மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. வசதி மிக்க ஆஸ்பத்திரிகளில் இந்த நிலை. அதே ஆராய்ச்சியில், சொந்தச் சதையால் அமைத்துக்கொண்டவர்கள் இரண்டு ஆண்டு கழித்துத் தங்கள் மார்பைப் பற்றி அதிகத் திருப்தி தெரிவித்தார்கள் என்பதும் உண்மை. இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, “யோசித்துச் சொல்லம்மா” என்று அவகாசம் கொடுப்பதே நேர்மை.

வியாபாரிகளின் கைவரிசை

லாபத்துக்காகச் செய்யப்படும் பொருளை உடம்புக்குள் வைக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு பிரான்ஸ் தேசம் சாட்சி. அங்கே பி.ஐ.பி. என்ற கம்பெனி மார்புப் பைகள் செய்து அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்றது. மருத்துவத்துக்கான சிலிகோன் விலை அதிகம் என்று, தொழிற்சாலைச் சாமான்களுக்கான மட்டமான சிலிகோனை உள்ளே நிரப்பியது. சோதனைக்காரர்கள் வரும் நாளில் மறைத்து வைத்தது. 2010-ல் குட்டு வெளிப்பட்டது. பிரான்சில் மட்டும் சுமார் 30,000 பெண்களின் உடம்பில் அந்தப் பைகள் இருந்தன. அவர்களில் புற்றுநோயால் மார்பிழந்தவர்களும் உண்டு. எடுத்துவிடுவதே நல்லது என்று 2011 டிசம்பரில் பிரெஞ்சு சர்க்கார் யோசனை சொல்லிற்று. கம்பெனியை நிறுவிய ஜான் க்ளோத் மாஸ் என்பவருக்கு 2013-ல் மார்செய் நகர நீதிமன்றம் 4 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

2019 ஜூலையில் இன்னொரு சம்பவம். அலர்கன் என்ற பெரும் கம்பெனியின் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளுக்கும், அபூர்வமான ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் கேட்டுக்கொண்டபின், கம்பெனி அந்தப் பைகளை உலகம் முழுவதும் விற்பனையிலிருந்து வாபஸ் பெற்றது. புற்றுநோயிலிருந்து தப்பியவளுக்கு, வைத்த பையிலிருந்து இன்னொரு புற்றுநோய் அபாயம்!

இதனால் பையே வேண்டாம் என்பதல்ல பாடம். உடம்பில் வைக்கும் பொருளின் கம்பெனிப் பெயரும் வரிசை எண்ணும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வீக்கமோ கட்டியோ வலியோ வந்தால் உடனே காட்ட வேண்டும். கம்பெனியின் வார்த்தையை நம்பாமல் சர்க்கார் தானே சோதிக்க வேண்டும்.

யார் பணம் கொடுப்பது?

அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகள், “மார்பை எடுக்கப் பணம் தருவோம், மறுபடி அமைப்பது அலங்காரம், தரமாட்டோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தன. பெண்களும் டாக்டர்களும் கிளர்ச்சி செய்தார்கள். 1998 அக்டோபரில் சட்டம் வந்தது. மார்பு எடுக்கும் ஆபரேஷனுக்குப் பணம் தரும் காப்பீடு, புனரமைப்புக்கும், மறு மார்பைச் சமப்படுத்தவும், செயற்கை மார்புக்கும், கை வீக்கம் முதலிய சிக்கல்களின் சிகிச்சைக்கும் பணம் தந்தே ஆக வேண்டும் என்று அது சொல்லுகிறது. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே, “இது அலங்காரமல்ல, சிகிச்சை” என்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள்! ஆனால் காப்பீடே இல்லாத ஏழைப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் கை கொடுக்காது. பிரிட்டனிலோ, 1948-ல் ஏற்பட்ட தேசியச் சுகாதார சேவையின் ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்குப் பின் மார்புப் புனரமைப்பு இலவசமாகச் செய்யப்படுகிறது.

நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்புப் புற்றுநோய்க்கே. 2022-ல் மட்டும் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக வந்ததாக சர்வதேசக் கணக்கு சொல்லுகிறது. 2018 பிப்ரவரியில், சென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்களுக்கு மார்பு பிளாஸ்டிக் ஆபரேஷன் இலவசம் என்ற அறிவிப்பு வந்தபோது, சர்க்கார் பணத்தை இதற்கா செலவழிப்பது என்று ஆட்சேபம் கிளம்பிற்று. தொற்றுநோயைத் தடுக்கப் பணம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் ஏழையின் ஒரு தேவையைக் காட்டி ஏழையின் இன்னொரு தேவையை வெட்டுவது எந்த நியாயம்?

பஞ்சாலைத் தொழிலாளிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. வேலைக்காலமும் சந்தாவும் பற்றிய நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்களுக்கு, புற்றுநோய் போன்ற நீடித்த நோய்களில் இ.எஸ்.ஐ. மூலம் சராசரிக் கூலியில் 80 சதவீதம், 2 ஆண்டு வரை கிடைக்கும். இந்த உரிமை பலருக்குத் தெரியாது. வீட்டிலிருந்தே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சகோதரிகளே, அவசரப்பட்டு ராஜினாமாக் கொடுக்காதீர்கள். முதலில் சங்கத்துக்கு வாருங்கள். விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கோ இ.எஸ்.ஐ.யும் இல்லை, விடுப்புக் கூலியும் இல்லை. ஆபரேஷன் இலவசமானாலும், படுத்திருக்கும் நாட்களில் அடுப்பு எரிய வழியில்லை. கை வீங்கும் அபாயத்தோடேயே அவள் கதிர் அறுக்கப் போகிறாள். நெல் தாள் கீறிய புண்ணில் சீழ் வைத்தால் வீக்கம் இன்னும் மோசமாகும்.

என்ன கேட்க வேண்டும்?

1. கட்டியை மட்டும் எடுத்தல், பை, சொந்தச் சதை, தட்டையாக விடுதல் எல்லாவற்றையும், அவற்றின் நன்மை தீமைகளோடு, ஆபரேஷனுக்கு முன்பே தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

2. மார்பை எடுக்கும் ஆபரேஷனுக்குப் பணம் தரும் ஒவ்வொரு சர்க்கார் காப்பீட்டுத் திட்டமும் புனரமைப்பையும், அதன் சிக்கல்களின் சிகிச்சையையும், செயற்கை மார்பையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

3. மாவட்டந்தோறும் கதிர்வீச்சு வசதியும், சிகிச்சைக்கு வருபவர்கள் தங்க இடமும், பஸ் கட்டணமும் வேண்டும். சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் நுண்முறைப் பயிற்சி பெற்ற டாக்டர்களை நியமிக்க வேண்டும்.

4. விவசாயத் தொழிலாளிக்கு நோய்க்கால உதவித் தொகை வேண்டும். சிகிச்சை முடிந்து மில்லுக்குத் திரும்பும் பெண்ணுக்குக் கூலி குறையாமல் இலகுவான வேலை வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மார்பில் கட்டி தென்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே காட்டும்படி ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும். சீக்கிரம் காட்டினால் மார்பையே காப்பாற்ற முடியும். மாதர் சங்கத் தோழியர், ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்ணோடு துணைக்குப் போய், அவள் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் கேள்விகளைக் கேட்க வேண்டும். ஆண் தோழர்களும் தங்கள் மனத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மார்பிழந்த மனைவியை ஒதுக்கி வைத்துவிட்டு, மேடையில் பெண் விடுதலை பேசினால் ஊர் சிரிக்கும்.

ஒரு பெண், “எனக்குப் புனரமைப்பு வேண்டாம், இப்படியே இருக்கிறேன்” என்று நிமிர்ந்து சொல்லட்டும்; மரியாதை செய்வோம். இன்னொருத்தி, “எனக்கு வேண்டும்” என்று கூசாமல் கேட்கட்டும், துணை நிற்போம். ஆனால், “காசில்லை, ஆகையால் வேண்டாம்” என்று ஒரு பெண்கூடச் சொல்லும் நிலைமை இருக்கக் கூடாது. அந்த மூன்றாவது பதிலை ஒழிப்பதற்கு நம் சங்கங்கள் இந்தக் கோரிக்கைகளைக் கையில் எடுக்கட்டும்.